வேலைக்கு நடுவே சட்டக் கல்வி

மும்பை மாநகரின் மத்திய ரயில் பாதையில், காட்கோபருக்கும் காஞ்சுர்மார்குக்கும் இடையே அமைந்த நிலையம் விக்ரோலி. விரைந்து செல்லும் மின்சார ரயில்கள் அங்கே நிற்பதில்லை. எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டிகளே நிற்கும். ஊரின் கிழக்கே தாணே கழிமுகத்தை ஒட்டி அலையாத்திக் காடு. மேற்கே குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறிச் செல்லும் குடியிருப்புகள். கண்ணம்வார் நகர், தாகூர் நகர் என்னும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள். இவற்றுக்கு நடுவே, 1940களில் கோத்ரெஜ் குடும்பத்தார் வாங்கிய நிலத்தில் எழுந்த தொழிற்சாலைகள். சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத் தேர்தலுக்கென்று லட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகள் 1951ஆம் ஆண்டில் இந்த விக்ரோலியில்தான் உருவாயின.

சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைச் செய்தது தொழிலாளியின் கை. அக்கை சட்டப் புத்தகத்தையும் விரிக்க இயலுமா? நாள் முழுதும் வேலை பார்க்கும் ஒருவர், அவ்வேலையை விடாமலே சட்டக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் படித்துத் தேற முடியுமா? தேறியபின் அவர் எதிர்கொள்ளும் நிலை யாது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

மும்பையில் தமிழர் வாழ்வு பல தலைமுறை கண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் தொழிலில் ஈடுபட்டோர் ஒருபுறம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று வந்து மாதுங்காவில் குடியேறிய எழுத்தர்கள் மற்றொருபுறம். பின்னாளில் செம்பூர், காட்கோபர், விக்ரோலி, முலுண்டு என்று வடக்கு நோக்கிப் பரவியவர்கள் வேறு. இவர்களுடைய மக்களும் பேரன்மாரும் இன்று தொழிற்சாலையில், கிடங்கில், மருத்துவமனையில், வங்கியில், கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுள் சிலருக்கேனும் சட்டம் படிக்கவேண்டும் என்ற வேட்கை உண்டு.

அந்த வேட்கைக்குக் காரணம் கறுப்பு அங்கியின் மோகம் என்று எண்ணிவிடலாகாது. குடிசைப் பகுதிச் சீரமைப்புத் திட்டத்தில் இலவசமாக மாற்று வீடு பெற வேண்டுமானால், 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே அக்குடிசை இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வருபவர் நீட்டும் ஒப்பந்தம் நூறு பக்கம் இருக்கும். வாடகை வீட்டுக்கு 11 மாத ஒப்பந்தம்; வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவருக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. இத்தாள்கள் யாவும் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருக்கும். கையெழுத்து இடுபவர் தமிழ் மட்டும் அறிந்த பாட்டியாக இருப்பார். தெருவுக்கு ஒருவர் சட்டம் அறிந்தவராக இருந்தால் எத்தனை வீடுகள் கைநழுவாமல் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் படிப்பின் அருமை விளங்கும்.

இனித் தேர்வைப் பற்றிக் காண்போம். மகாராஷ்டிரத்தில் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் மாநிலப் பொது நுழைவுத் தேர்வு 2016ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. பட்டம் பெற்றவர்க்கு மூன்றாண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்க்கு ஐந்தாண்டுப் படிப்பு. கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுத வேண்டிய தேர்வு இது. நேரம் 2 மணி. தொடக்கத்தில் 150 வினாக்கள் இருந்தன. பின்னர் 120 ஆகக் குறைத்தார்கள். ஆகவே ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்படும். பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆதலால் ஒரு வினாவையும் விடையின்றி விடலாகாது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுத் தேர்வில் இச்சலுகை இல்லை; அங்கே ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் கழியும். இரண்டுக்கும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரே முறையில் விடை எழுதுவோர் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தோர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். அங்கே டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள கல்லூரிகளில், முன்பு பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தருகிறார்கள். நுழைவுத் தேர்வு இல்லை. இரண்டில் எது நல்லது? பத்தாண்டுகளுக்கு முன் வறுமையால் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒருவருக்கு நுழைவுத் தேர்வு இரண்டாம் வாய்ப்பு ஒன்றைத் தருகிறது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாதவருக்கோ அதே தேர்வு ஒரு சுவராகவும் நிற்கிறது. எனினும், தகுதிக்குரிய குறைந்த மதிப்பெண் பொதுப் பிரிவினர்க்கு நூற்றுக்கு 45 என்பதையும், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 40 என்பதையும் நினைவிற்கொண்டால், கதவு மிக ஒடுங்கியதன்று என்பது தெளிவாகும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடித்து, அதன்பின் அஞ்சல் வழியில் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று 2008ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வரம்பு இருந்தது. அதை மீண்டும் நடைமுறைப்படுத்த வந்த சுற்றறிக்கையை 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதனால் நாற்பது வயதுத் தொழிலாளியும் இன்று தம் மகளோடு ஒரே தேர்வுக் கூடத்தில் அமரலாம்.

அடுத்தது நேரம். வேலை பார்ப்பவரின் முதல் புகார் நேரம் இல்லை என்பதே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. வேலைக்கு 48, நாளொன்றுக்கு 7 மணி வீதம் உறக்கத்துக்கு 49, ஆறு நாள் போக்குவரத்துக்கு 12, குளியல், உணவு, தண்ணீர் பிடித்தல், கடைக்குச் செல்லுதல் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 3 வீதம் 21. ஆக 130. மீதி 38 மணி நேரம். இந்த 38இல் குழந்தைகள், உறவினர், நோய், திருவிழா ஆகிய யாவும் பங்கு கேட்கும். ஆகவே வேலை நாளில் 2 மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையில் 5 மணி நேரமும் படிப்புக்கு என்று ஒதுக்குவோம். வாரத்துக்கு 17, இருபத்து நான்கு வாரத்தில் 408 மணி நேரம். நானூறு மணி நேரத்தை ஒழுங்காகச் செலவிட்டவருக்கு இத்தேர்வு எட்டாக் கனியன்று.

ஆனால் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. இந்த 38 மணி நேரம் வீட்டு மகனுக்குக் கிடைப்பதுபோல் மகளுக்கோ மருமகளுக்கோ கிடைப்பதில்லை. வேலையிலிருந்து திரும்பிய பெண்ணை அடுப்படி காத்திருக்கிறது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் உள்ள வீட்டில், தண்ணீர் பிடிப்பதையும் பாத்திரம் துலக்குவதையும் மற்றவர் ஏற்றுக்கொண்டாலொழிய, வாழ்த்துச் சொல்வதால் மட்டும் அவளுக்குப் பயன் இல்லை. நேரம் கொடுப்பதே அவளுக்குக் கொடுக்கும் சீதனம்.

இடமும் ஒரு சிக்கலே. ஒற்றை அறை வீட்டில் ஐவர் உறங்கும்போது விளக்கு எரிய முடியாது. மராத்தியில் 'அப்யாசிகா' என்று வழங்கும் படிப்பகங்கள் மும்பையில் பல பகுதிகளில் உண்டு. மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் கிடைக்கும். ரயிலில் புத்தகம் விரிக்க இடமில்லை. ஆயினும் கைபேசியில் செய்தித் தொகுப்பைக் காதால் கேட்டு நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளலாம். விக்ரோலியிலிருந்து கோட்டைப் பகுதிக்குச் செல்ல ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். அதை வீணாகக் கழிப்பதும் பயனாகக் கழிப்பதும் நம் கையில் இருக்கிறது.

எதைப் படிப்பது? மூன்றாண்டுப் படிப்புக்கான தேர்வில் ஆங்கிலத்துக்கே மூன்றில் ஒரு பங்கு. அடுத்துப் பொது அறிவு, தருக்கம், சட்ட நாட்டம் என்பன. ஐந்தாண்டுப் படிப்புக்குச் சிறிது கணிதமும் சேரும். தமிழ்வழியில் தொடங்கிய மாணவர்க்கு ஆங்கிலம் அச்சம் தரும். நாள்தோறும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தை இரண்டு முறை படித்து, அதன் சாரத்தைத் தமிழில் யாருக்காவது சொல்லிப் பழகினால் அந்த அச்சம் தானே விலகும். பொருள் விளங்காத ஒன்றை எவரும் பிறருக்கு எடுத்துச் சொல்ல முடியாது அன்றோ?

சட்ட நாட்டம் என்னும் பகுதி புதியவர்க்கு விந்தையாகத் தோன்றும். அங்கே ஒரு விதியையும் ஒரு நிகழ்ச்சியையும் தருவார்கள். 'பணியாள் தன் பணியைச் செய்கையில் பிறர்க்கு விளைத்த தீங்குக்கு, அவனை அமர்த்தியவரும் பொறுப்பாவார்' என்பது விதி என்று கொள்வோம். நிறுவனத்தின் வண்டியில் சரக்கு ஏற்றிச் சென்ற ஓட்டுநர், கவனக் குறைவால் ஒருவர்மீது மோதிவிட்டார். நிறுவனம் பொறுப்பாகுமா? ஆகும். அதே ஓட்டுநர் விடுமுறை நாளில் எவரையும் கேளாமல் அவ்வண்டியை உறவினர் திருமணத்துக்கு ஓட்டிச் சென்று மோதினார், அப்போது? தரப்பட்ட விதியின்படி நிறுவனம் பொறுப்பாகாது. ஏனெனில் அவர் பணியைச் செய்துகொண்டிருக்கவில்லை. அடிபட்டவர்மீது இரக்கம் கொண்டு விடையை மாற்றி எழுதினால் மதிப்பெண் கிட்டாது. இத்தகைய வினாக்களில் வேலை பார்ப்பவர்க்கு ஒரு நன்மை உண்டு. ஒப்பந்தம், வருகைப் பதிவேடு, விபத்து, நட்ட ஈடு, எச்சரிக்கைக் கடிதம் ஆகியவை கல்லூரி இளைஞர்க்கு வெறுஞ்சொற்கள். தொழிலாளிக்கோ அவை கண்ணால் கண்டவை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். இலக்கணத்துக்கும் தருக்கத்துக்கும் அவை நல்ல துணை. சட்டத்துக்கு வாங்கும்போது ஆண்டைப் பார்க்க வேண்டும். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமும், குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் மாற்றப்பட்டுப் புதிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. கொலைக்குரிய தண்டனை முன்பு 302ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 103ஆம் பிரிவில் இருக்கிறது. ஏமாற்றுக்காரனை '420' என்று அழைத்து மகிழ்ந்த காலமும் போயிற்று. அக்குற்றம் 318ஆம் பிரிவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழைய எண்ணை மனப்பாடம் செய்தவர் பழைய முகவரிக்குக் கடிதம் எழுதியவர் ஆவார்.

செலவில்லாத மற்றொரு பள்ளியும் உண்டு. அது நீதிமன்றம். பொதுவாக விசாரணை எல்லோரும் காணும்படி திறந்த மன்றத்தில் நடப்பதே நம் நாட்டு முறை. விக்ரோலியிலேயே குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ஒன்று உண்டு. விடுப்பு நாளில் அமைதியாகச் சென்று பின்வரிசையில் அமர்ந்து கேட்பவர், சாட்சி என்பது என்ன, ஒத்திவைப்பு என்பது என்ன என்பவற்றை ஒரு காலையிலேயே உணர்ந்துகொள்வார். கீழ்நீதிமன்றங்களில் மராத்தி ஒலிக்கும். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும், ரயிலில் இந்தியும், புத்தகத்தில் ஆங்கிலமுமாக வளர்ந்த மும்பைத் தமிழர்க்கு இந்த நான்கும் நான்கு கருவிகள்.

வேலையும் படிப்பும் சேர்ந்து நடந்ததற்கு நம்மிடையே சான்றுகள் உண்டு. 1832ஆம் ஆண்டில் தஞ்சைச் சீமையில் பிறந்த முத்துசாமி ஐயர், இளமையில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தவர். தெருவிளக்கின் அடியில் படித்தார் என்ற செய்தி தமிழ்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வக்கீல் தேர்வில் தேறி, முனிசீப் ஆகி, பின்னர் சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோதும் அவர் படிப்பை விடவில்லை. பதவியில் இருந்துகொண்டே பி.எல். பட்டம் பெற்றார். 1870களின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அவருடைய சிலை அந்நீதிமன்றத்தில் இன்றும் இருக்கிறது.

மும்பைக்கே உரிய சான்று டாக்டர் அம்பேத்கர். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 1920இல் மீண்டும் லண்டன் சென்று பொருளாதாரத்தையும் சட்டத்தையும் ஒருங்கே முடித்தவர் அவர். 1855இல் தோன்றிய பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரிக்கு 1935இல் அவரே முதல்வரானார். பின்னர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அதன் சார்பில் 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். பகலில் அலுவலகம் செல்லும் ஏழை மாணவர்களை எண்ணி அங்கே வகுப்புகள் காலையில் வைக்கப்பட்டன. தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படாதபடி கடிகாரத்தையே திருத்தி வைத்தார் அவர். கடல் கடந்த நாடுகளிலும் இவ்வெண்ணம் தோன்றியதுண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் கிளீசன் ஆர்ச்சர் என்பார் 1906இல் உழைப்போர்க்கென மாலைநேரச் சட்டப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து சஃபோக் பல்கலைக்கழகம் ஆயிற்று.

இவ்வளவும் கூறிவிட்டு, கசப்பான பகுதியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வேலை பார்ப்பவர்க்கு நுழைவுத் தேர்வு சிறிய சுவர்; அதற்கு அப்பால் பெரிய சுவர் இருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி சட்ட வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே நடத்தற்குரியவை. வருகைப் பதிவு நூற்றுக்கு 70 வேண்டும். அஞ்சல் வழியில் பெறும் சட்டப் பட்டத்தை மன்றம் ஏற்பதில்லை. 'வீட்டிலிருந்தே வக்கீல் ஆகலாம்' என்று வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் பணத்தையும் ஆண்டுகளையும் இழப்பார். படிக்கும் காலத்தில் வேலை பார்ப்பவர், வேலை தந்தவரிடமிருந்து தடையின்மைச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றும் கூறுகிறது. முழுநேரச் சம்பளம் பெறுபவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தவும் இயலாது.

ஆகவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் வேலை நேரம் எது? காலை முதல் ஷிப்டில் பணிபுரிபவர்க்குப் பிற்பகல் வகுப்பு பொருந்தலாம். பொது ஷிப்டில் இருப்பவர்க்குக் காலை வகுப்பு உள்ள கல்லூரி பொருந்தலாம். வாரந்தோறும் ஷிப்டு மாறுபவர்க்கு எதுவும் பொருந்தாது. மேலதிகாரி எழுத்து மூலம் இசைவு தருவாரா? வகுப்பு எத்தனை மணிக்கு என்பதைக் கல்லூரியில் நேரில் சென்று கேட்டேனா? இடம் கிடைத்தபின் வேலையை விட வேண்டி வந்தால், குடும்பம் மூன்றாண்டு தாங்குமா? இவற்றுக்கு விடை கிடைக்காமல் தேர்வு மட்டும் எழுதுவது, படகு இல்லாமல் துடுப்பு வாங்குவதை ஒக்கும்.

இவ்விதிகள் கொடியவை என்று சிலர் கூறுவர். வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்கியோரால் நீதிமன்றங்களில் கட்சிக்காரர் பட்ட துன்பத்தை அறிந்தவர், வருகைப் பதிவு வேண்டும் என்பதை மறுக்கமாட்டார். மருத்துவர் வகுப்புக்குப் போகாமல் மருத்துவம் செய்வதை நாம் ஏற்பதில்லையே. ஆனால் படிப்பு செம்மையாக நடக்க வேண்டும் என்பது ஒன்று. அது மாலை 7 மணிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. நூலகத்தை இரவு 10 மணி வரை திறந்து வைக்கலாம் என்று அதே விதிகளே இசைகின்றன. வகுப்பறையையும் இரவு வரை திறந்து வைத்து, மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டாக நீட்டி, வருகைப் பதிவைக் கண்டிப்பாகக் காத்தால், தரமும் குறையாது. உழைப்பவரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. இதைக் கேட்டுப் பெறுவதும் சட்டம் அறிந்தவர் செய்ய வேண்டிய பணிகளுள் ஒன்று.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமலில்லை. வேலையில் இருக்கும் சட்டப் பட்டதாரிகள், முதலில் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை எழுதித் தேறி, அதன்பின் 6 மாதத்துக்குள் வேலையா தொழிலா என்று முடிவு செய்துகொள்ள 2023இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. பதிவுக் கட்டணம் என்ற பெயரில் மாநிலந்தோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிவந்ததையும் 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் தடுத்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் கூறும் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. ஏழையின் வழியில் கிடந்த ஒரு கல் அகன்றது.

தொழில் நடத்தாவிட்டாலும் சட்டக் கல்வி வீணாவதில்லை. தொழிற்சங்கத்திலும், வீட்டுச் சங்கத்திலும், நிறுவனத்தின் பணியாளர் பிரிவிலும் அது பயன்படும். நம் தமிழ்ச் சங்கங்களும் பேரவைகளும் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஓர் அறையும், நான்கு மேசையும், அவ்வாண்டுப் புத்தகங்களும் வைத்து, ஞாயிறுதோறும் ஒரு வழக்கறிஞரை அழைத்து இரண்டு மணி நேரம் பாடம் சொல்லச் செய்தால், பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாத இளைஞர் பலர் கரையேறுவர்.

ஒரே ஆண்டில் எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று சொல்வதற்கில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. தேறாதவரும் தம் ஒப்பந்தத்தைத் தாமே படித்துப் பார்த்துக் கையெழுத்து இடும் திறன் பெற்றிருப்பார். படித்துப் பார்க்காமல் கையெழுத்து இடுவதில்லை என்ற பழக்கம் ஒரு குடும்பத்தில் புகுந்துவிட்டால், அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறை நீதிமன்றத்தின் வாசலில் அஞ்சி நிற்க நேராது.